கரையும் பையும் கல்யாணக் கெண்டையும்

உள்ளியம்பாக்கத்து ஆட்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவ்வளவுதான் அவர்கள்மேல் உள்ள புகார். ஒருநாள் பஸ் கண்டக்டர் "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க" என்று சொன்னதற்கு, சைக்கிள் கடை ஏகாம்பரம் நகர்ந்து நகர்ந்து போய் டிரைவர் மடியில் உட்கார்ந்துவிட்டார். எங்கே நிற்க வேண்டும் என்று கண்டக்டர் சொல்லவில்லையே என்பது இன்றுவரைக்கும் அவர் வாதம். ஊரில் அவருக்கு மரியாதை கூடியதும் அன்றைக்குத்தான்.

இந்த ஊரில் குணசீலன் என்று ஒரு பையன். கல்யாண வயசு. மனசு முழுக்க ஆனைப்பள்ளம் தணிகாசலத்தின் மகள் அம்சவேணி. போன ஆடி மாதம் ஆனைப்பள்ளத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்சவேணி இவன் சொம்பில் ஊற்றிக்கொண்டே, "போதும்னா சொல்லுங்க" என்றாள். இவனுக்குப் போதும் என்று தோன்றவே இல்லை. அதனால் சொல்லவில்லை. அவளும் நிறுத்தவில்லை. கூழ் சொம்பு வழிந்து, முழங்கை வழிந்து, வேட்டி வழிந்து, பக்கத்தில் நின்றவர் செருப்புக்குள் போனபிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு குணசீலன் கதை முடிந்தது.

பெண் கேட்கப் போனார்கள். தணிகாசலத்துக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்கிற பையன் தன் ஊர் ஏரியில் தன் கையால் ஒரு கெண்டை பிடித்து, பெண் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். பெண் வீட்டார் அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

"உன் ஊரு ஏரி, உன் கை, ஒரு கெண்டை" என்றார் தணிகாசலம். "வெறுங்கையில தொங்கவிட்டுகினு வராத. மரியாதையா ஒரு பையில போட்டு எடுத்துகினு வா. ஆடி பொறக்கறதுக்குள்ள வரணும். அதுக்கு அப்பால வந்தா பேச்சே இல்ல. கீழ்ப்புத்தூர் மாவு மில்காரர் பையன் ரெடியா இருக்கான்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் இறங்கியும் வந்தார். "கெண்டைன்னா எனக்கு உசுரு தம்பி. அந்த முள்ளுதான் ஆவாது. பொங்கலுக்குத் தொண்டையில ஒண்ணு மாட்டி, நாலு பேரு முதுகுல குத்தி எடுத்தாங்க. அதுலேர்ந்து சாப்பாட்டுல உக்காந்தாலே பயமா இருக்குது. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குது இல்ல."

குணசீலன் வைகாசி முழுக்க ஏரிக்கரையில் உட்கார்ந்தான். கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிக் கொக்கியில் வைத்துப் போடுவான். எடுத்துப் பார்த்தால் மாவு கரைந்து போயிருக்கும். கொக்கி மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல் பளிச்சென்று வரும். மறுபடி மாவு, மறுபடி பளிச். உள்ளியம்பாக்கத்துக் கெண்டைகள் அந்த மாதம் நன்றாகவே சதை போட்டன. குணசீலன்தான் இளைத்துவிட்டான். ஆனி பிறந்ததும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. மாவு மில்காரர் பையன் கனவில் வந்து கல்யாணப் பத்திரிகை வைத்தான்.

விஷயம் ஏகாம்பரத்தின் சைக்கிள் கடைக்கு வந்தது. ஊரின் பெரிய பிரச்சினைகள் அங்கேதான் தீரும், அல்லது இன்னும் பெரிதாகும். ஏகாம்பரம் தொழிலில் சுத்தமானவர். பஞ்சர் எங்கே என்று காட்டச் சொல்வார். நீங்கள் காட்டிய இடத்தில் ஓட்டை இல்லாவிட்டால், அங்கே ஒரு ஓட்டை போட்டு அதை நேர்த்தியாக ஒட்டித் தருவார். அவரோடு எப்போதும் பச்சையப்பன் இருப்பார். எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாதவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட "யாரு சொன்னது?" என்று கேட்கிறவர். மூன்றாவது ஆள் இருசப்பன். குணசீலனின் கூட்டாளி. அவனைப்பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவன் இதுவரை ஒன்றும் செய்ததில்லை.

"டவுன்ல தூண்டில் சாமானுக்குன்னே ஒரு கடை வந்திருக்குது" என்றார் ஏகாம்பரம். "வா சீலா, ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

போனார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி மெல்லிசான பைகள், சின்னதும் பெரிசுமாக. அதே மாதிரி ஒரு நூல்கண்டு.

"கெண்டைக்குன்னே வந்தது தம்பி. பொரி, புண்ணாக்குத் தூள், எல்லாத்தையும் இதுக்குள்ள அடைச்சுக் கொக்கியோட கட்டிப் போடுங்க. தண்ணியில விழுந்ததும் பை கரைஞ்சு காணாம போயிடும். இரை மட்டும் கொக்கியைச் சுத்திக் குவிஞ்சு கெடக்கும். வாசனைக்குக் கெண்டை தானா வரும்."

"நூலு?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"அதுவும் தண்ணிக்குன்னே செஞ்சதுதான்" என்றார் கடைக்காரர். அதுவும் கரையும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என நினைத்துவிட்டார். பாவம், அவர் வெளியூர்க்காரர்.

பிறகு விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "ஈரம் மட்டும் பட்டுடக் கூடாது. ஈரக் கையால தொடாதீங்க. மீன் எங்க இருக்குதோ அங்கயே போடுங்க. மீன் கெடைச்சிடுச்சுன்னா அப்படியே தலைகீழ். அதைக் காயவே விடக் கூடாது. கையை நனைச்சுகினுதான் தொடணும், தண்ணியிலேயே வச்சுத் தூக்கணும்."

குணசீலன் அத்தனையையும் மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இருந்தாலும் ஏகாம்பரம் பஸ்ஸுக்குள் குடையை விரித்து, பைகள் இருந்த பொட்டலத்துக்கு மேலே பிடித்துக்கொண்டார். நடுவழியில் பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இருவரும் அங்கேயே இறங்கி, மீதி தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

பொட்டலத்தைப் பிரித்ததும் பச்சையப்பன் எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டார்.

"இது நமக்கு இன்னாத்துக்கு? வைகாசி பூராவும் சீலன் போட்ட மாவு கரைஞ்சுதா இல்லியா?"

"கரைஞ்சுது அண்ணே" என்றான் குணசீலன்.

"கரையுதே, கரையுதேன்னுதான நாம தலையில கை வச்சுகினு உக்காந்திருந்தோம்? இப்ப டவுனுக்குப் போயி, கரையுறதுக்குன்னே ஒண்ணை வாங்கியாந்திருக்கீங்க. வீடு ஒழுவுதுன்னு பொத்தல் வாங்கியார மாதிரி இருக்குது."

உள்ளியம்பாக்கத்தில் இவ்வளவு நியாயமான பேச்சு அதற்குமுன் கேட்டதில்லை.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "நீ சொல்றது சரிதான். ஆனா ஒண்ணு. மாவு அதும்பாட்டுக்குக் கரைஞ்சுது. அது திருட்டுத்தனம். இந்தப் பை சொல்லிட்டுக் கரையுது. அது நாணயம்."

"கரையுதுன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார் பச்சையப்பன். சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

ஒரு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பைக்குள் ஒரு துண்டு வெல்லம் வைத்துக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். கடைக்காரர் கையை நீட்டச் சொல்லவில்லை என்பதால் நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரம் இரண்டு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பை இல்லை. வெல்லமும் இல்லை.

"யாரு எடுத்தது?" என்றார் பச்சையப்பன், இருசப்பன் வாயைப் பார்த்தபடி.

இருசப்பன் வாயைத் திறந்து காட்டினான். நியாயம் வேண்டும் என்பதற்காக எல்லோரும் திறந்து காட்டினார்கள். பிறகு குடத்துத் தண்ணீரை ஆளுக்கொரு வாய் குடித்துப் பார்த்தார்கள். இனித்தது.

"ஆகக்கூடி" என்று ஏகாம்பரம் தீர்ப்புச் சொன்னார், "பையும் கரையும், பைக்குள்ள இருக்கிறதும் கரையும். கடைக்காரரு பாதிதான் சொல்லியிருக்காரு."

குணசீலன் மெல்லக் கேட்டான், "அண்ணே, பையைத் தொட்ட கை?"

நால்வரும் தங்கள் விரல்களைப் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் குளிக்கவில்லை. மறுநாளும் குளிக்கவில்லை. ஆனி வெயிலில் இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? கடைசியில் ஏகாம்பரத்தின் மனைவி ஒரு வாளித் தண்ணீரைப் பின்னாலிருந்து அவர்மேல் ஊற்றிவிட்டார். அவர் அலறிக்கொண்டு தன் கை, கால், மூக்கு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. மனுஷன் கரையமாட்டான் என்று அன்றைக்கு நிரூபணமாயிற்று. மற்றவர்களும் தைரியமாகக் குளித்தார்கள்.

அடுத்த சிக்கல் வேர்வை. ஈரக் கையால் தொடக் கூடாது. ஆனி மாதம், ஒவ்வொருவர் உள்ளங்கையும் கசகசவென்று இருந்தது. அடுப்புச் சூட்டில் கையைக் காய வைத்தார்கள். இன்னும் வேர்த்தது. அப்போதுதான் பச்சையப்பன் இருசப்பனைச் சுட்டிக் காட்டினார்.

"இவனுக்கு எப்பவாச்சும் வேர்த்து யாராவது பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. வேர்க்கும்படி அவன் எதுவும் செய்ததில்லை. பொரியும் புண்ணாக்குத் தூளும் அடைத்துக் கட்டுகிற வேலையை அவனிடம் கொடுத்தார்கள். வேலை என்று சொன்னால் வேர்த்துவிடும் என்பதால் விளையாட்டு என்று சொல்லிக் கொடுத்தார்கள். சின்னப் பைகள் எல்லாவற்றையும் அவன் கட்டி முடித்தான். ஒரே ஒரு பெரிய பை மட்டும் மீதி இருந்தது. அதை மாமனார் வீட்டுக்கு மீன் கொண்டுபோக வைத்துக்கொள்ளலாம் என்றான் குணசீலன்.

ஏரிக்கு வந்தார்கள். வந்தபிறகுதான் பெரிய கேள்வி முளைத்தது.

"ஈரம் படக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றான் குணசீலன். "ஏரியில போட்டா ஈரம் பட்டுடும் அண்ணே."

ஏகாம்பரம் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். ஏரி கோடையில் சுண்டிப்போய், நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. சுற்றிலும் தரை வெடித்துக் கிடந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அதோ, அதுவும் ஏரிதான? பட்டாவுல ஏரின்னுதான் இருக்குது. ஈரமும் இல்ல."

காய்ந்த தரையில் ஒரு பையை வைத்துவிட்டுக் கெண்டைக்காகக் காத்திருந்தார்கள். கெண்டை வரவில்லை. ஒரு வெள்ளாடு வந்தது. பையை முகர்ந்து பார்த்து, பொரியும் புண்ணாக்குமாக ஒரே வாயில் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கொக்கி இன்னும் கட்டவில்லை என்பது அந்த ஆட்டின் அதிர்ஷ்டம்.

"பை கரைஞ்சிடுச்சு" என்றார் ஏகாம்பரம் திருப்தியாக. "இனிமே மீனு வரணும்."

பை ஆட்டுக்குள் கரைந்திருப்பதால் மீனும் ஆட்டைத் தேடித்தான் வரும் என்று இருசப்பன் சொன்னான். அதுவும் சரியாகப் பட்டது. ஆடு போன இடமெல்லாம் நால்வரும் பின்னாலேயே போனார்கள். ஆட்டுக்காரி துரத்திக்கொண்டு வரும்வரை போனார்கள்.

ஆனி முடியப் போகிறது. குணசீலன் கரையில் உட்கார்ந்து அழுதேவிட்டான். அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்சவேணி மாவு மில்லில் உட்கார்ந்து மாவு படிந்த முகத்தோடு தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. "மீன் எங்க இருக்குதோ அங்கதான் போடச் சொன்னாரு அண்ணே. மீனு தண்ணியில இருக்குது. பை காய்ஞ்சு இருக்கணும். நான் இன்னா பண்ணுவேன்?"

அவன் அழுததைப் பார்த்து ஏகாம்பரத்துக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து நின்றார். "தெப்பம் கட்டுவோம். தெப்பத்துல போனா நடு ஏரிக்குப் போன மாதிரியும் ஆச்சு, நனையாத மாதிரியும் ஆச்சு."

வாழை மரங்களை வெட்டி அடுக்கினார்கள். கட்டுவதற்குக் கயிறு எடுத்துவந்தார் பச்சையப்பன். ஏகாம்பரம் அதை வாங்கித் தூக்கி எறிந்தார்.

"இது மாட்டுக் கயிறுய்யா. மாட்டுக்குச் செஞ்சது. நம்மகிட்டதான் தண்ணிக்குன்னே செஞ்ச நூலு இருக்குதே."

நூல்கண்டு முழுவதையும் சுற்றி முறுக்கி, தெப்பத்தை இறுக்கிக் கட்டினார்கள். பைகளைக் குணசீலன் எடுத்துக்கொண்டான். இருசப்பன் சுமக்க மறுத்துவிட்டான், சுமந்தால் வேர்க்குமாம். குணசீலன் இரண்டு சட்டை போட்டுக்கொண்டான். உள்சட்டை வேர்வையைத் தடுக்க, வெளிச்சட்டை தண்ணீரைத் தடுக்க. நடுவில் பைகளை அடுக்கி, சட்டையை வேட்டிக்குள் இறுக்கிச் செருகினான். ஏழு மாதக் கர்ப்பிணிபோல் தெப்பத்தில் ஏறி உட்கார்ந்தான். மேலே இருசப்பன் குடை பிடித்தான்.

நடு ஏரிக்குப் போகும்வரை தெப்பம் ஒழுங்காகத்தான் போனது. அதற்குப் பிறகு நூல் தன் நாணயத்தைக் காட்டியது.

முதலில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்த மரம் அவரோடு கிழக்கே போனது. பச்சையப்பன் தன் மரத்தோடு மேற்கே போனார். குணசீலன் எந்த மரமும் இல்லாமல் குப்புற விழுந்தான். நால்வரும் "அய்யய்யோ, முழுகிட்டோம்" என்று கத்தினார்கள். கரையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஆள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்திரிச்சு நில்லுங்கய்யா" என்று குரல் கொடுத்தான்.

"இவன் பேச்சைக் கேக்கலாமா?" என்று ஏகாம்பரம் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஆழம் இல்லன்னு யாரு சொன்னது?" என்றார் பச்சையப்பன், வாழை மரத்தைக் கட்டிப் பிடித்தபடி.

இருசப்பன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். நீந்துவது வேலை, நிற்பது வேலை இல்லை. தண்ணீர் அவன் இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. குடை இன்னும் விரித்தபடியே இருந்தது.

குணசீலனும் எழுந்தான். சட்டைக்குள் கை விட்டான். ஒரு பைகூட இல்லை. பொரியும் புண்ணாக்கும் அவனைச் சுற்றி மிதந்தன. அவனுடைய கடைசி நம்பிக்கையும் அந்தப் பொரியோடு மிதந்தது. வாய்விட்டு அழலாம் என்று அவன் மூச்சை இழுத்த நேரம், இரண்டு சட்டைக்கும் நடுவில் ஏதோ ஒன்று அவன் விலாவில் ஓங்கி அறைந்தது.

"அண்ணே, என்னை யாரோ அடிக்கிறாங்க."

"யாரு?"

"உள்ளேர்ந்து அடிக்கிறாங்க."

ஏகாம்பரம் வந்து குணசீலன் கழுத்துப் பக்கம் சட்டைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு கெண்டை அவரைப் பார்த்தது. புண்ணாக்கு வாசனைக்குச் சட்டைக்குள் நுழைந்து, வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட, நல்ல கொழுத்த கெண்டை. வைகாசி முழுக்க குணசீலன் போட்ட மாவு அதன் உடம்பில் தெரிந்தது.

யாரும் சந்தோஷப்படவில்லை. முதலில் விவாதம் முடிய வேண்டும்.

"கையால புடிக்கணும்னு சொல்லியிருக்காரு" என்றார் பச்சையப்பன். "இது சட்டையால புடிச்சது."

"சட்டைக்குக் கை இருக்குது இல்ல?" என்றான் இருசப்பன்.

"அது சட்டையோட கை. இவனோட கை இல்ல."

ஏகாம்பரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "சீலா, கையை நனைச்சுகினு உள்ள விட்டு அதைப் புடி" என்றார். குணசீலன் கையை நனைத்தான். உள்ளே விட்டுப் பிடித்தான். "இப்ப கையால புடிச்சாச்சு" என்றார். பச்சையப்பன் தலையாட்டினார். அப்புறம்தான் நால்வரும் கூத்தாடினார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் பச்சையப்பன் கரையேறும்போது. "பை இருந்த வரைக்கும் ஒரு மீனும் வரல. பை மொத்தமும் ஒழிஞ்சதும் மீனு தானா வந்திடுச்சு. அது தேவையே இல்லன்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

வீட்டுக்கு வந்து ஒரு பெரிய குண்டானில் தண்ணீர் நிரப்பினார்கள். மீன் காயக் கூடாது, தண்ணீரிலேயே இருக்க வேண்டும். ஆனால் மாமனார் மரியாதையாகப் பையில் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். மீதியிருந்த பெரிய பையை எடுத்தான் குணசீலன்.

"வேணாம்" என்றார் பச்சையப்பன். "பையில போட்டா கரைஞ்சிடும். வெல்லத்தை மறந்துட்டீங்களா?"

"வெல்லம் கரையும்யா" என்றார் ஏகாம்பரம். "மீனு பொறந்ததுலேர்ந்து தண்ணியிலதான இருக்குது? கரையுற சாதியா இருந்தா எப்பவோ கரைஞ்சிருக்கணும்."

கெண்டையைப் பையில் போட்டு, பையைக் குண்டானில் போட்டு, குண்டானைக் குணசீலன் தலையில் ஏற்றி ஆனைப்பள்ளத்துக்குக் கிளம்பினார்கள். வழியில் ஒரு கால்வாய். அதன்மேல் ஒரு பனைமரத்தைப் பாலமாகப் போட்டிருந்தார்கள்.

"எல்லாரும் நேரா பார்த்து நடங்க" என்றார் ஏகாம்பரம். எல்லோரும் நேராகப் பார்த்து நடந்தார்கள். நடுப்பாலத்தில் தொபுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

"தவளை" என்றார் ஏகாம்பரம், நேராகப் பார்த்தபடி.

கொஞ்ச தூரம் போனதும் குணசீலன் சொன்னான், "பாரம் குறைஞ்ச மாதிரி இருக்குது அண்ணே."

"மாமனார் வீடு கிட்ட வந்துடுச்சு இல்ல? அப்படித்தான் இருக்கும்."

தணிகாசலம் வாசலில் காத்திருந்தார். தெருவே கூடியிருந்தது. குண்டானை இறக்கி வைத்தார்கள். தணிகாசலம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து குணசீலனைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"மீனு எங்க?"

குணசீலனும் பார்த்தான். பை இல்லை. கெண்டையும் இல்லை. தண்ணீர் மட்டும் அமைதியாக இருந்தது.

"நான் சொன்னேன்" என்றார் பச்சையப்பன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னது நடந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. "நான் சொன்னேன், கரைஞ்சிடும்னு."

குணசீலன் விஷயத்தைச் சொன்னான். கரையும் பை, வெல்லம், இரண்டு சட்டை, எதையும் விடவில்லை. கண்ணீர் குண்டானில் விழுந்துவிடாதபடி பின்னால் தள்ளி நின்று அழுதான். கெண்டையில் உப்பு கூடிவிடக் கூடாது என்ற நினைப்பு அந்த நிலையிலும் அவனுக்கு இருந்தது. அடுத்த நாள் ஆடி ஒன்று.

அம்சவேணி உள்ளேயிருந்து ஒரு கரண்டியோடு வந்தாள். குண்டானைப் பார்த்தாள். குணசீலன் சட்டைக் காலரில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு கரண்டியைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அப்பா" என்றாள். "கரைஞ்சா இன்னா? எங்கயும் போயிடலையே. இதுலதான இருக்குது."

தணிகாசலம் யோசித்தார். உள்ளியம்பாக்கத்துக்குப் பெண் கொடுக்க நினைத்தவர் அல்லவா, அவருக்கும் அது சரியாகவே பட்டது. ஏரி இருக்கிறது, கை இருக்கிறது, பை இருந்திருக்கிறது, கெண்டை வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என்ன, கொஞ்சம் கரைந்து வந்திருக்கிறது.

"குழம்பு வை" என்றார்.

புளி, மிளகாய்த் தூள், வெந்தயம், பூண்டு எல்லாம் போட்டு அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள் அம்சவேணி. தணிகாசலம் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். முதல் உருண்டையை வாயில் வைத்து, முள்ளுக்குப் பயந்து நாக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார். தெரு மூச்சு விடாமல் பார்த்தது. விழுங்கினார். இரண்டாவது உருண்டை. மூன்றாவதைப் புரட்டாமலே விழுங்கினார். அவர் கண் கலங்கிவிட்டது.

"என் ஆயுசுல" என்றார் நாத் தழுதழுக்க, "முள்ளே இல்லாத கெண்டையை நான் இன்னிக்குத்தான் சாப்பிடறேன். பொண்ணு உனக்குத்தான் மாப்ள."

குணசீலன் அம்சவேணியைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆவணியில் கல்யாணம். விருந்துக்கு இதே முள்ளில்லாத கெண்டைதான் வேண்டும் என்று தணிகாசலம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மறுபடியும் டவுனுக்குப் போய்ப் பை வாங்க வேண்டுமா என்று சைக்கிள் கடையில் பேச்சு வந்தது.

"எதுக்கு?" என்றார் பச்சையப்பன். இப்போது அவர் பேச்சுக்கு ஊரில் எதிர்ப்பே கிடையாது. "நம்ம ஏரியில எத்தனை காலமா மீனு இருக்குது? பாதியாவது கரைஞ்சிருக்காதா?"

அப்படியே டிரம் டிரம்மாக ஏரித் தண்ணீரை மொண்டு வந்து குழம்பு வைத்தார்கள். இரண்டு ஊரும் பந்தியில் உட்கார்ந்தது. ஏகாம்பரம் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு வால் பக்கம் வேணாம், நடுத்துண்டா பார்த்து ஊத்து" என்றார். அவனும் வாளியைக் கலக்கி, உற்றுப் பார்த்து, நடுத்துண்டாகவே ஊற்றினான்.

மாப்பிள்ளைக்கு மீன் தலையைப் பெண்தான் தன் கையால் பரிமாற வேண்டும். அம்சவேணி கரண்டி நிறைய மொண்டு குணசீலன் இலையில் ஊற்றினாள். "போதும்னா சொல்லுங்க" என்றாள்.

குணசீலனுக்குப் போதும் என்று தோன்றவே இல்லை. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். குழம்பு சோற்றைத் தாண்டி, அப்பளத்தைத் தாண்டி, இலையின் நுனி வழியாக இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருசப்பன் இலைக்குள் ஓடியது. இருசப்பன் குனிந்து பார்த்தான்.

"ஏயப்பா, எவ்ளோ நீட்டு மீனு" என்றான். "தலை மாப்ள இலையில இருக்குது, வாலு என் இலைக்கு வந்துடுச்சு."

"விடாத, நழுவிடப் போவுது" என்றார் ஏகாம்பரம்.

இருசப்பன் இரண்டு கையாலும் இலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்கு வேர்த்தது.